அட்டைக்குப் போடும் மார்க்: எதற்கு, யாருக்கு, எவ்வளவு செலவில்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் சிலர் கேட்டவற்றுக்கான பதிலையும் அந்தந்த இடத்தில் சேர்த்திருக்கிறேன்.)



லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரி என்று பேசும் கூட்டத்தில் இந்தத் தலைப்பு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காரணம் உண்டு. நம் மூன்று பிளாக்கிலும் போகிமான் அட்டை, கால்பந்து அட்டை, கிரிக்கெட் அட்டை சேர்க்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன், பாட்டி கொடுத்த பிறந்தநாள் பணம் நாலாயிரம் ரூபாயைக் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் 'பத்துக்குப் பத்து' என்று சீட்டு ஒட்டிய ஓர் அட்டையை முன்பின் தெரியாத ஒருவரிடம் வாங்கிவிட்டான். அந்தச் சீட்டில் இருந்த எண்ணை நானும் அவனும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். அந்த எண்ணுக்கு உரியது வேறொரு அட்டை. பணம் போனது போனதுதான். இன்னொரு பக்கம், ஒரு தந்தை தன் மகளின் இருபது அட்டைகளை அமெரிக்காவுக்கு அனுப்பி மார்க் வாங்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார். வங்கியில் கிளார்க்காக இருந்தவன், பி.காம். படித்தவன் என்பதால் கேட்டிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் சொல்லிவிடலாம் என்று செயலாளரிடம் கால் மணி நேரம் கேட்டு வாங்கினேன்.

கிரேடிங் என்றால் என்ன?

கிரேடிங் என்பது ஓர் அட்டை அசல்தானா, எந்த நிலையில் இருக்கிறது என்று மூன்றாம் மனிதர் பார்த்துச் சொல்வது. விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. கூலி வாங்கிக்கொண்டு பார்க்கும் நிறுவனம். பார்த்து முடித்ததும் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு மார்க் போட்டு, சீரியல் எண்ணோடு சீட்டு வைத்து, பிரிக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். அந்தப் பெட்டியை 'ஸ்லாப்' என்கிறார்கள்.

இதில் பெரிய பெயர் பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்க நிறுவனம், 1991இல் தொடங்கியது. பெக்கெட், எஸ்.ஜி.சி., சி.ஜி.சி. என்று வேறு நிறுவனங்களும் உண்டு. கொரோனா காலத்தில் உலகம் முழுக்க வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் பழைய அட்டைகளைத் தேடி எடுத்து அனுப்பியதில் பி.எஸ்.ஏ.வுக்குக் குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியவில்லை. 2021 மார்ச் கடைசியில் குறைந்த கட்டணச் சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். அவ்வளவு கிராக்கி.

கிராக்கிக்குக் காரணம் சில பெரிய விற்பனைகள். பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர் என்ற போகிமான் அட்டை, 1990களின் கடைசியில் ஜப்பானில் ஓவியப் போட்டியில் ஜெயித்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தது. அதில் பத்து மார்க் வாங்கிய ஒன்று 2021இல் 52 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. இதைக் கேட்டுவிட்டு நம் வீட்டு அட்டைக்கட்டைப் பார்த்தால் கண் கொஞ்சம் பெரிதாகும். அங்கேதான் நிதானம் வேண்டும்.

அளவு வேறு, அபிப்பிராயம் வேறு

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். காந்தி ரோட்டில் பட்டுப்புடவை வாங்கும்போது ஜரிகையைச் சோதித்துக் காட்டச் சொல்கிறோம். ஜரிகையைச் சுரண்டிப் பார்த்து உள்ளே சிவப்புப் பட்டு இழை இருக்கிறதா என்று பார்ப்பது பழைய முறை. இப்போது எக்ஸ்ரே கதிர் படும் மெஷினில் ஜரிகையை வைத்தால் தங்கம் எத்தனை சதவீதம், வெள்ளி எத்தனை, செம்பு எத்தனை என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். அசல் ஜரிகைக்கு நம் ஊரில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5 சதவீதம். மெஷினில் வெள்ளி பத்துதான் காட்டினால் பேச்சே இல்லை. தங்க நகையும் அப்படியே. 22 காரட் என்றால் 916; ஹால்மார்க்கோடு ஆறு இலக்க எண்ணும் எழுத்தும் கலந்த அடையாளம் இருக்கிறது. இதெல்லாம் அளவு. யார் அளந்தாலும், எத்தனை முறை அளந்தாலும் ஏறத்தாழ அதே விடைதான் வரும்.

அட்டைக்குப் போடும் மார்க் அப்படிப்பட்டது இல்லை. அசலா போலியா என்பதில் பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் எட்டா, ஒன்பதா, பத்தா என்பது பயிற்சி பெற்ற ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்லும் அபிப்பிராயம். ஒரே அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி அனுப்பினால் மார்க் மாறலாம், மாறியும் இருக்கிறது. புடவையில் ஜரிகையைப் பார்ப்பதைப் போன்றது அல்ல இது. நெசவில் குறை இருக்கிறதா என்று பழகிய கண்ணால் பார்ப்பதைப் போன்றது. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் சொன்னால் மதிப்பு இருக்கிறது. ஆனால் இரண்டு நெசவாளர்கள் இரண்டு விதமாகவும் சொல்லலாம்.

இதற்கு உலகப் பிரசித்தமான ஓர் உதாரணம் இருக்கிறது. ஹானஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் படம் போட்ட அட்டை, 1909 முதல் 1911 வரை ஓர் அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி சிகரெட் பாக்கெட்டோடு கொடுத்த வரிசையில் வந்தது. அவர் படத்தை சீக்கிரமே நிறுத்திவிட்டதால் மிகச் சில பிரதிகளே மிஞ்சின. பி.எஸ்.ஏ. தொடங்கிய காலத்தில் ஒன்றாம் நம்பர் சீரியல் கொடுத்து முதன்முதலில் மார்க் போட்டது அந்த அட்டைகளில் ஒன்றுக்குத்தான். எட்டு மார்க். எண்பது வருஷத்து அட்டை இவ்வளவு கூர்மையான ஓரங்களோடு இருப்பது அதிசயம் என்றார்கள். 2007இல் அது 28 லட்சம் டாலருக்கு விற்றது.

ஒரு காலத்தில் அந்த அட்டையை வைத்திருந்த பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், 2013இல் வேறொரு ஏல மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்த அட்டையின் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதையும் ஒப்புக்கொண்டார். அதாவது எட்டு மார்க் வாங்கித் தந்த கூர்மையான ஓரம் கத்தியின் உபயம். விதிப்படி வெட்டிய அட்டைக்கு மார்க்கே கிடையாது. மாஸ்ட்ரோவுக்கு 2015இல் 20 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

இதிலிருந்து கிரேடிங்கே ஏமாற்று வேலை என்று முடிவு கட்ட வேண்டாம். இன்னொரு வாக்னர் அட்டை, கசங்கி மடங்கி, எஸ்.ஜி.சி.யிடம் வெறும் இரண்டு மார்க் வாங்கியது. அது 2022இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றது. அரிதான பொருள் இரண்டு மார்க்கிலும் அரிதுதான். லட்சக்கணக்கில் அச்சடித்த அட்டை பத்து மார்க்கிலும் லட்சத்தில் ஒன்றுதான். மார்க், பொருளின் நிலையைச் சொல்லும். விலையை வாங்குகிறவர் சொல்லுவார். பிள்ளைகள் இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

எதைப் பார்த்து மார்க் போடுகிறார்கள்?

நான்கு விஷயங்கள். வீட்டிலேயே நாமும் பார்க்கலாம்.

முதலாவது, நடுமை. படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை அல்லது மஞ்சள் கரை இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 55க்கு 45 என்ற விகிதத்தைத் தாண்டினால் முன்பக்கத்துக்குப் பத்து மார்க் கனவு வேண்டாம். பாக்கெட்டிலிருந்து அப்போதுதான் பிரித்த அட்டையாக இருந்தாலும் சரி, அச்சகத்தில் கோணலாக வெட்டியிருந்தால் மார்க் போய்விடும். பிள்ளை செய்த தவறு இல்லை அது.

இரண்டாவது, நான்கு மூலைகள். மூன்றாவது, ஓரங்கள். பின்பக்கம் நீலமாக இருக்கும் போகிமான் அட்டையில் ஓரத்தில் வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் அது தேய்மானம். நான்காவது, மேற்பரப்பு. டியூப்லைட்டுக்குக் கீழே அட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் கீறல், விரல் ரேகை, அச்சுக்கோடு எல்லாம் தெரியும்.

வங்கி கவுன்டரில் நோட்டு எண்ணியவர்களுக்கு இது பழகிய வேலை. மறுபடி கொடுக்கத் தகுந்த நோட்டு, அழுக்கு நோட்டு, கிழிந்த நோட்டு என்று பிரித்துப் போடுவதும் ஒருவகைக் கிரேடிங்தான். சேகரிப்போர் உலகில் நோட்டுக்கும் இதே போலத் தரம் இடுகிறார்கள். பி.எம்.ஜி. என்ற அமெரிக்க நிறுவனம் 2005 முதல் 70 மார்க் அளவில் போடுகிறது. அதில் நம் நாட்டு நோட்டுக்கு ஒரு தனி வேடிக்கை. 2001 நவம்பரில் ரிசர்வ் வங்கி கூடாது என்று உத்தரவிடும்வரை நோட்டுக்கட்டை ஸ்டேபிள் அடித்துத்தான் வைப்போம். புத்தம்புது நோட்டிலும் ஊசி ஓட்டை இருக்கும். அதனால் பழைய இந்திய நோட்டுகளின் சீட்டில், வெளியிடும்போதே இருந்த ஸ்டேபிள் ஓட்டை என்று தனியாகக் குறிப்பு எழுதுகிறார்கள். நாங்கள் அடித்த பின் அமெரிக்காவரை போய்ப் பதிவாகியிருக்கிறது!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இருபது அட்டை அனுப்பலாமா என்று கேட்ட நண்பருக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் அட்டைக்கு நீங்கள் விசாரித்த தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மார்க் போடாத ஓர் அட்டை 3,000 ரூபாய்க்கு விற்கும் என்று வைப்போம். பத்து மார்க் வாங்கினால் 12,000. ஒன்பது வாங்கினால் 4,500. எட்டு என்றால் அதே 3,000. கிரேடிங் கட்டணம், போகவர கூரியர், இன்சூரன்ஸ், எல்லாம் பங்கு பிரித்தால் அட்டைக்கு 3,500 ஆகிறது.

பத்து வந்தால், 12,000இல் செலவு 3,500, சும்மா விற்றாலே கிடைத்திருக்கும் 3,000 இரண்டையும் கழித்தால் லாபம் 5,500. ஒன்பது வந்தால் நஷ்டம் 2,000. எட்டு வந்தால் நஷ்டம் 3,500.

இப்போது பத்து அட்டை அனுப்புகிறோம். மூன்றுக்குப் பத்து மார்க், ஐந்துக்கு ஒன்பது, இரண்டுக்கு எட்டு வருகிறது. லாபம் 16,500. நஷ்டம் 10,000, இன்னொரு 7,000. மொத்தத்தில் 500 ரூபாய் கைநஷ்டம். பத்துக்கு மூன்று அட்டை முழு மார்க் வாங்கியும் இந்த நிலை. ஒன்பது மார்க் என்பது பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க். இங்கே பல அட்டைகளுக்கு அது நஷ்டக் கணக்கு.

இதில் இன்னும் இரண்டு செலவைச் சேர்க்கவில்லை. ஒன்று, விற்கும் தளம் எடுக்கும் கமிஷன். மற்றொன்று சுங்கம். வெளிநாட்டிலிருந்து பெட்டி திரும்பி வரும்போது, இது நம் அட்டைதான், இங்கிருந்து போய்த்தான் திரும்புகிறது என்று காட்டக் காகிதம் இல்லையென்றால் புதிதாக வாங்கிய சரக்கு என்று வரி கேட்கலாம். அனுப்பும்போதே ஒவ்வொரு அட்டையின் படம், பட்டியல், கூரியர் ரசீது எல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும். அட்டையின் மதிப்பு கூடினால் கிரேடிங் கட்டணமும் கூடும் என்பதையும் மறக்கக்கூடாது.

உள்நாட்டிலேயே மார்க் போடுகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். கட்டணம் குறைவு, சுங்கத் தொல்லை இல்லை. ஆனால் அந்தச் சீட்டை வாங்குகிறவர் ஏற்றுக்கொள்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். விற்பதற்காக இல்லாமல், பத்திரமாக இருக்கட்டும், பார்க்க அழகாக இருக்கட்டும் என்றால் அது தாராளமாகச் செய்யலாம். பிள்ளைக்குப் பிடித்த ஒரே ஓர் அட்டையை அப்படி வைப்பதில் லாபநஷ்டம் பார்க்க வேண்டியதில்லை.

அந்த நண்பரும் மகளும் உட்கார்ந்து இருபதையும் டியூப்லைட்டில் சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் இரண்டு அட்டைதான் தேறியது. அதையும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள்.

பாதுகாப்பது எப்படி?

முதல் விதி: லாமினேஷன் செய்யாதீர்கள். ரேஷன் கார்டு முதல் ஜாதகம் வரை லாமினேட் செய்வது நம் பழக்கம். அட்டையையோ பழைய நோட்டையோ லாமினேட் செய்தால் சேகரிப்போர் மதிப்பு அன்றோடு முடிந்தது. செல்லோடேப், ரப்பர்பேண்டு, கம் எதுவும் ஆகாது. பழைய நோட்டைத் துவைப்பதும் இஸ்திரி போடுவதும் வேண்டாம், பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மெல்லிய உறை ஒன்று, அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்று. அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர் ஈரத்துக்கு அட்டை வளைந்துவிடும். பீரோவின் கீழ்த்தட்டில், சுவரை ஒட்டி வைக்காமல், மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தொடும் முன் கை கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு தின்ற கையோடு மட்டும் வேண்டாம்.

ஏமாறாமல் இருக்க

மார்க் போட்ட பெட்டியை வாங்கும் முன், சீட்டில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். விற்பவர் அனுப்பும் லிங்க்கைத் தொடாதீர்கள். எண் சரியாக இருந்தாலும், தளத்தில் உள்ள படமும் கையில் உள்ள அட்டையும் ஒன்றுதானா என்று பாருங்கள். உண்மையான எண்ணைப் போலிச் சீட்டில் அச்சடிப்பதும் நடக்கிறது. பெட்டியின் ஓரத்தில் பிளந்து ஒட்டிய தடம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளே, ஆயிரம் ரூபாய்க்கு மேல் எது வாங்கினாலும் வீட்டில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்போது பெரியவர்களுக்கு. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சம் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. நம்பி போன் செய்தால், ரிசர்வ் வங்கிக்குக் கமிஷன் கட்ட வேண்டும், வரி கட்ட வேண்டும் என்று முன்பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது: பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்பதில் அது ஈடுபடுவதில்லை, யாரிடமும் கமிஷன் கேட்பதில்லை, தன் சார்பில் கேட்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை. இதைப் பூஜையறைக் கதவில் ஒட்டி வைத்தாலும் தகும்.

அதற்காகப் பழைய நோட்டுக்கு மதிப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய் நோட்டு 1954இல் வந்தது. 1978 ஜனவரியில் செல்லாமல் போனது. இன்று எந்த வங்கியிலும் ஒரு ரூபாய் பெயராது. ஆனால் நல்ல நிலையில் ஒன்று இருந்தால் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். விலை கேட்பதற்கு முன்பணம் தேவையில்லை. முன்பணம் கேட்கிறவர் வாங்க வரவில்லை.

சட்டத்திலும் இரண்டு விஷயம். 2016இல் செல்லாமல் போன ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பது 2017ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். ஆராய்ச்சி, நாணயச் சேகரிப்புக்கு என்றால் 25 வரை வைத்திருக்கலாம். அடுத்தது, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்தில் வருகிறது. தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. தாத்தா வைத்திருந்த விக்டோரியா ராணி காசை மார்க் வாங்க அமெரிக்காவுக்குக் கூரியரில் போட்டுவிடாதீர்கள். நோட்டு அனுப்புவதற்கும் அந்நியச் செலாவணி விதிகள் உண்டு.

ஒரு வேண்டுகோள்

பிள்ளைகள் அட்டை சேர்ப்பதைத் தடுக்கச் சொல்ல நான் வரவில்லை. நம் காலத்தில் தீப்பெட்டிப் படமும், பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் படமும் சேர்த்தோம். வரிசைப்படுத்துவது, பத்திரமாக வைப்பது, ஒன்று கொடுத்து ஒன்று வாங்குவது, எல்லாம் படிப்புத்தான். ஆனால் பெட்டியில் அடைத்த மார்க் ஒன்றுதான் மதிப்பு என்று பத்து வயதிலேயே மனதில் பதிந்துவிட்டால், கையில் எடுத்து விளையாடும் சந்தோஷம் போய்விடும்.

எனவே ஒரு யோசனை. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு, இதே ஹாலில், அட்டை மாற்றிக்கொள்ளும் நேரம் என்று ஒரு மணி நேரம் வைக்கலாம். காசு பேச்சு கிடையாது, அட்டைக்கு அட்டை. பூதக்கண்ணாடியும் அளவுகோலும் நான் கொண்டு வருகிறேன். மார்க் போட்டு வாங்கிய பெட்டி எதுவாக இருந்தாலும் எண்ணைச் சேர்ந்து சரிபார்க்கலாம். வீட்டில் பழைய நோட்டு, நாணயம் வைத்திருக்கும் பெரியவர்களும் வரலாம். பொருளாளர் இதற்குச் செலவு எதுவும் எழுத வேண்டியதில்லை. காபி மட்டும் யாராவது ஏற்றுக்கொண்டால் நல்லது.